மூன்றாம் நம்பரின் இடுப்பு

“எங்க மூணாம் நம்பர் மிஷினுக்கு இடுப்பு பிடிச்சிக்கிட்டு, மேடம். டாக்டர் எட்டு வாரம் ரெஸ்ட் எழுதிக் குடுத்திருக்காரு.”

இதைச் சொல்லும்போது கொம்பையா மேஸ்திரியின் மீசையில் ஒரு ரோமம்கூட அசையவில்லை. பெரிய சங்கதிகளைச் சின்னக் குரலில் சொல்வது அவர் வழக்கம். தன் கையால் லாரியில் ஏற்றிய உப்பு மூட்டைகளை நீளவாக்கில் அடுக்கினால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு பாலம் போடலாம், திரும்பி வருகிறவர்களுக்குத் தனியாக இன்னொன்றும் போடலாம் என்பார். ஒரு புயலில் உப்பு அடுக்கும் கிட்டங்கியின் தகரக் கூரை பறக்கப் பார்த்தபோது ஒரு கையால் கூரையையும் மறு கையால் டீ கிளாசையும் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றாராம். டீ ஆறியதே தவிரச் சிந்தவில்லையாம். உப்புக் கிட்டங்கியில் இதையெல்லாம் யாரும் நம்பியதில்லை. நிறுத்தச் சொன்னதும் இல்லை.

எதிரே நின்ற மேகலாதேவி சிரிக்கவில்லை. அந்த இயந்திரங்களைச் செய்த கோயம்புத்தூர் கம்பெனியின் சோதனைப் பொறியாளர் அவர். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து இறங்கியவர், நீட்டிய இளநீரைக்கூட வாங்காமல் கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஷினுக்கு இடுப்பே இல்லைங்க, மேஸ்திரி. அந்த எடத்துல ஒரு பேரிங்தான் இருக்குது. மூணு மாசம் மூட்டை தூக்குன பேரிங், பெட்டியில இருந்து இப்பத்தான் எடுத்தாப்புல புதுசா இருக்குது. அதுதானுங்க பிரச்சனையே.”

கிட்டங்கியில் ஆறு இயந்திரங்கள். ஆள் உயரம், இரண்டு கால், இரண்டு கை, தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடிக் குமிழ். கம்பெனி வைத்த பெயர் வாய்க்குள் நுழையாததால் லோடுமேன்கள் அவற்றை மாப்பிள்ளைகள் என்றார்கள். வந்த அன்றைக்கே வேலை செய்யத் தொடங்கிய மாப்பிள்ளைகளை இந்த ஊர் இப்போதுதான் பார்க்கிறது என்று அந்தக் கூட்டத்திலேயே வாய்நீளமுள்ள மிக்கேல் சொன்னதில் பெயர் ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளைகளால் விளைந்த நன்மையைப் பற்றிக் கொம்பையாவைப் பேச விட்டால் அன்றைய பொழுது போய்விடும். முன்பு ஒரு லாரியை நிரப்ப இரண்டரை மணி நேரம்; இப்போது நாற்பது நிமிஷம். அவர் கணக்கில் பதினைந்து நிமிஷம். மூன்று மாதத்தில் ஒரு மூட்டை கிழியவில்லை, ஒருவரும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. வலித் தைலம் விற்ற முக்குக்கடைக்காரர் பிழைப்பு போய், இப்போது செல்போன் உறை விற்கிறாராம். கொம்பையாவின் இடது தோள் வலது தோளைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. சட்டைக்கு அளவெடுக்கும் தையல்காரர் தோளுக்கு ஒன்று வீதம் இரண்டு அளவு எழுதிக்கொள்வார். மாப்பிள்ளைகள் வந்ததிலிருந்து அந்தத் தோள் தினம் ஒரு நூல் மேலே ஏறிவருவதாகவும், தீபாவளிக்குள் மற்றதைத் தாண்டிவிடும் என்றும் அவர் சொன்னார்.

இதில் பொய்யைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் நிறையவே இருந்தது. எழுபத்தைந்து கிலோ மூட்டை. மனிதனின் முதுகெலும்பு அதற்காகச் செய்யப்பட்டதில்லை. அந்தக் கிட்டங்கியிலிருந்து நிமிர்ந்த முதுகோடு ஓய்வு பெற்றவர் என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது.

ஒப்பந்தம் இதுதான். தொண்ணூறு நாள் சோதனை. ஆறு இயந்திரங்களும் தேறினால் அவை நிரந்தரம். ஆறு லோடுமேன்களும் அவற்றுக்கு மேற்பார்வையாளர்கள், இனி மூட்டையைத் தொட வேண்டாம். ஒன்று தேறாவிட்டாலும் ஆறும் திரும்பிப் போகும், திங்கட்கிழமை முதல் மூட்டை பழையபடி மனிதர் முதுகுக்கு வரும். தொண்ணூறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் நம்பரோ ஒரு மூட்டையைக்கூடத் தூக்குவதில்லை.

தூக்குவதில்லை என்றால் சும்மா நிற்கிறது என்று அர்த்தமில்லை. மாப்பிள்ளைகள் மூட்டைக்கு இருவராகத்தான் வேலை செய்வார்கள். மூன்றாம் நம்பரும் ஜோடியோடு குனியும், மூட்டையின் மூலையில் துருத்திக்கொண்டிருக்கும் காதைப் பிடிக்கும், சேர்ந்து நடக்கும், லாரியில் சேர்ந்து இறக்கும். பார்க்கிறவருக்குப் பாதிப் பாரம் அதன் கையில் என்றே தோன்றும். ஆனால் முழு எடையும் ஜோடியின் கையில். மணிக்கு ஒரு தடவை ஜோடி மாறும். யாரும் மாறச் சொல்லவில்லை, அவையே மாற்றிக்கொண்டன. மற்றவை ஒவ்வொன்றும் குடிக்கிற கரண்டில் மூன்றாம் நம்பர் பத்தில் ஒரு பங்குதான் குடித்தது.

மேகலாதேவி இரண்டு மாதமாகக் கோயம்புத்தூரில் இருந்தபடியே இதைச் சரிசெய்யப் பார்த்திருந்தார். மூன்றாம் நம்பர் பழகி வைத்திருந்த படிப்பை அழித்துவிட்டு ஒன்றாம் நம்பரின் படிப்பை அப்படியே அதற்குள் ஏற்றினார். மூன்றாம் நம்பர் நல்ல பிள்ளையாய்ப் போய் மூட்டையின் நடுவில் கை வைத்தது.

“வச்சதும் மத்த அஞ்சும் விடலீங்க,” என்றார் அவர். “கையில இருந்து வாங்கிக்குது. நாலு நாள் வாங்குச்சு. அஞ்சாம் நாள் மூணாம் நம்பர் திரும்பவும் காதைப் பிடிச்சுட்டு நடக்க ஆரம்பிச்சுருச்சு. ஆறையும் அழிச்சு முதல்ல இருந்து பழக்கணும்னா ஆறு மாசம். அவ்வளவு நாள் உங்க முதலாளி காத்திருக்க மாட்டாரு. எனக்கு வேற வழியில்லைங்க. தேறலைன்னு எழுதிட்டு, திங்கக்கிழமை கன்டெய்னர்ல ஏத்திடறேன்.”

கொம்பையா தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார். சுவரோரம் மற்ற நால்வரோடு தவசிக்கனி நின்றிருந்தான். நாற்பத்தொரு வயது. மற்றவர்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள், அவன் சாயவில்லை. சாய்ந்தால் நிமிர்வது கஷ்டம்.

நடந்தது என்ன என்பது ஆறு பேருக்கும் தெரியும். போன வருஷம் இயந்திரங்களைப் பழக்குவதற்காகக் கம்பெனி ஆறு சட்டைகளைக் கொடுத்தது. ஆறு மாதம் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். எந்த மூட்டு எப்போது மடங்குகிறது, எந்தக் கால் முன்னால் போகிறது என்பதைச் சட்டை எழுதிக்கொள்ளும். கூரையிலிருந்த கேமராக்கள் யார் யாரோடு எப்படிச் சேர்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளும். ஆளுக்கொரு இயந்திரம். கொம்பையாவிடமிருந்து ஒன்றாம் நம்பர், தவசிக்கனியிடமிருந்து மூன்றாம் நம்பர்.

இரண்டாவது வாரம் தவசிக்கனிக்கு முதுகில் டிஸ்க் விலகியது. இன்னும் ஒரு மூட்டை தூக்கினால் இடது கால் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். இடையில் விழுந்தவன் இடத்துக்குக் கம்பெனி வேறு ஆள் போட்டுவிடும். மேற்பார்வை வேலையும் அந்த ஆளுக்குத்தான். அன்று மாலை கொம்பையா கூட்டத்தைக் கூட்டி ஒன்றும் பேசவில்லை. லோடுமேன்களுக்குள் அது முறையும் இல்லை. ஒருவன் விழுந்தால் அவன் பாரம் மற்றவர்களுக்குள் பிரிந்துவிடும். அதைச் செய்வது வழக்கம். அதைப் பற்றி வாய்திறப்பதுதான் மரியாதைக் குறைவு. மறுநாள் காலை ஆளுக்கொரு மூட்டை என்பதை விட்டு, மூட்டைக்கு இரண்டு பேர் என்று மேஸ்திரி வேலையை மாற்றினார். தவசிக்கனி காதைப் பிடித்தான். மிக்கேல் கொக்கியை நடுவில் போட்டு முழுப் பாரத்தையும் தூக்கினான். ஒரு மணி நேரம் கழித்துக் கொம்பையா போட்டார். ஆறு மாதம். சட்டைக்கு உடம்பின் அசைவு தெரியும், எடை தெரியாது.

அந்தத் தந்திரத்தை நினைத்து அவர் அப்போது உள்ளூரப் பூரித்துப்போயிருந்தார். கம்பெனியின் கண்ணில் மண்ணைத் தூவியாயிற்று. மண்ணையும் சேர்த்து மிஷின் படித்துக்கொள்ளும் என்று யார் கண்டது?

இப்போது உண்மையைச் சொன்னால் ஆறு மாதப் பதிவும் பொய் என்றாகும். ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை தவசிக்கனி மூட்டை தூக்க வேண்டும். கொம்பையா தன் ஆயுளில் முதல்முறையாக ஒரு சின்னப் பொய்கூடத் தோன்றாமல் நின்றார்.

பேசியவன் தவசிக்கனி. சுவரோரத்திலிருந்து மெதுவாக நடந்து வந்தான்.

“அது மிஷின் கோளாறு இல்ல, மேடம். அது நான்தான். நான் எப்படி இருந்தேனோ அதத்தான் அது செய்யுது.”

அவன் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. கொம்பையாவுக்கு அந்தக் கதை சொல்லும் விதமே பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு தட்டையாகவா சொல்வது?

மேகலாதேவி கேட்டுவிட்டுத் திரையை அணைத்தார். கோபப்படவில்லை. திங்கட்கிழமைக்குப் பயந்து சொல்கிற கதை என்று தனக்குப் புரிகிறது, அவர்கள் நிலையில் தானும் ஏதாவது சொல்லியிருப்பேன் என்றார். ஆனால் ஆறு மாதம், தினம் இருநூறு மூட்டை, மேலே எட்டு கேமரா. ஒரு ஆள் பாரமே இல்லாமல் நடந்ததை ஒரு கேமராவும் கண்டுபிடிக்கவில்லை என்பதை அவரால் ஏற்க முடியவில்லை.

“சரி, செஞ்சு காட்டுங்க,” என்றார்.

மிக்கேல் கொக்கியை எடுத்தான். மாப்பிள்ளைகள் வேலை செய்யும் இடத்துக்கு வெளியே ஒரு மூட்டையைப் போட்டார்கள். தவசிக்கனி குனிந்து காதைப் பிடித்தான். முகத்தில் நரம்பு புடைத்தது. இருவரும் பத்து அடி நடந்தார்கள். மேகலாதேவி பக்கத்திலிருந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், மறுபடி நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்தும் பார்த்தார்.

“இவரும் தூக்கத்தானே செய்யறாரு,” என்றார்.

கொம்பையாவின் கலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது என்பதுதான் அவர்களுடைய நிரூபணம். தெரியவில்லை என்பதாலேயே அது எடுபடவில்லை. மிக்கேல் தலையில் அடித்துக்கொண்டான். பாரம் முழுக்கத் தன் கையில் என்றும், வேண்டுமானால் மேடமே காதைப் பிடித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னான். மேகலாதேவி தலையசைத்து மறுத்தார். இன்றைக்கு இவன் பாரமில்லாமல் பிடிப்பதால் அன்றைக்கும் அப்படிப் பிடித்தான் என்று ஆகிவிடாது. பழக்கப்படுத்திக்கொண்டு நாடகம் ஆட ஒரு வாரம் போதும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொம்பையாவை நோகடித்தது.

“அப்பம் தனியாத் தூக்குதேன்,” என்றான் தவசிக்கனி. “கால் போச்சுன்னா நம்புவியள்லா.”

“ஏலே, கிறுக்குப் பயலே, நில்லு,” என்றார் கொம்பையா.

அவன் நிற்கவில்லை. தரையில் அகலமாக ஒரு மஞ்சள் கோடு. அதற்கு உள்ளேதான் மாப்பிள்ளைகளின் வேலை. மனிதன் ஒருவன் கோட்டுக்குள் கால் வைத்தால் ஆறும் அந்த நொடியே உறைந்துவிடும். அவன் வெளியேறும்வரை விரல்கூட அசையாது. எந்தப் படிப்பாலும் அழிக்க முடியாதபடி தொழிற்சாலையிலேயே பொறித்து அனுப்பிய விதி அது. தவசிக்கனி கோட்டைத் தாண்டினான். தாண்டியதும் ஆறும் நின்றன. நான்காம் நம்பரின் ஒரு கால் காற்றிலேயே நின்றது.

மேகலாதேவி போகாதீங்க, சொல்றதைக் கேளுங்க என்று இரண்டு முறை சொன்னார். தூணிலிருந்த சிவப்புப் பொத்தானில் அவர் கை போயிருந்தது. அதை அழுத்தினால் மின்சாரமே நின்றுவிடும். ஆனால் உறைந்து நிற்கிற இயந்திரங்களை எதற்கு நிறுத்துவது? கொம்பையா ஓடினார். ஐம்பத்தெட்டு வயதுக்கு அது ஓட்டம்தான். அவருக்கும் தவசிக்கனிக்கும் நடுவே முப்பது அடி இருந்தது. அந்த முப்பது அடியை ஒரே தாண்டலில் கடந்ததாகப் பிற்பாடு அவர் சொன்னதில்லை. அன்று அவர் பாதி தூரம்கூடப் போகவில்லை.

தவசிக்கனி மூட்டையின் முன்னால் நின்றான். இடது காலைக் கொஞ்சம் வெளியே வைத்து, வலப்பக்கம் சாய்ந்து குனிந்தான். வலிக்கிறவன் குனிகிற குனிவு. ஆறு மாதம் தினம் இருநூறு தடவை அவன் அப்படித்தான் குனிந்திருந்தான்.

இரண்டாம் நம்பர் நகர்ந்தது.

வேகமாக இல்லை. வழக்கமாக நடக்கிற நடைதான். தவசிக்கனியின் வலப்பக்கம் வந்து, அவன் கை மூட்டையின் நடுவே போவதற்குள் தன் கையை அங்கே கொடுத்தது. எழுபத்தைந்து கிலோவும் தரையை விட்டு எழும்பியது. மூன்றாம் நம்பர் மறுபக்கம் வந்து ஒரு காதைப் பிடித்துக்கொண்டது. தவசிக்கனி ஒரு நொடி திகைத்தான். பிறகு, கை பழக்கத்தில், அவனும் இன்னொரு காதைப் பிடித்தான்.

மூவருமாக லாரியை நோக்கி நடந்தார்கள். ஒருவர் தூக்க, இருவர் காதைப் பிடித்துக்கொண்டு. மூட்டையை லாரியில் வைத்ததும் இரண்டும் தங்கள் இடத்துக்குத் திரும்பி உறைந்து நின்றன, ஒன்றும் நடக்காததுபோல.

மிக்கேல் மெல்ல நெற்றியிலிருந்து நெஞ்சுக்குச் சிலுவை போட்டுக்கொண்டான். கொம்பையா தவசிக்கனியின் கையைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே இழுத்து வந்தார். மேகலாதேவியின் கை இன்னும் சிவப்புப் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

பிறகு மேகலாதேவி திரையை உயிர்ப்பித்தார். கூரைக் கேமராக்கள் பார்த்ததை மாப்பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொண்டன என்பது அதில் தெரியும். ஒவ்வொரு உருவத்தின் தலைக்கு மேலும் அதன் நம்பர். அவர் அதைக் கொம்பையாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். படத்தில் தவசிக்கனி கோட்டைத் தாண்டும்போது அவன் தலைக்கு மேல் ‘மனிதன்’ என்று இருந்தது. குனிந்ததும் அது மாறியது. மாப்பிள்ளையின் கண்ணாடிக் குமிழுக்கு மேல் ஒரு மூன்று. அவன் தலைக்கு மேல் இன்னொரு மூன்று.

“நாங்க நம்பர் போட்டது மிஷினுக்குங்க,” என்றார் அவர் நிதானமாக. “அதுக அந்தக் குனிவுக்குப் போட்டு வச்சிருக்குது. அப்படிக் குனியறது யாரா இருந்தாலும் மூணாம் நம்பருதான். அவருக்குப் பாரம் குடுக்கக் கூடாது. கோட்டைப் பத்தின விதியெல்லாம் மனுசனுக்குத்தானே. இவரை அதுக மனுசன்னு நினைக்கலை. தங்கள்ல ஒருத்தருன்னு நினைச்சிருக்குது.”

தவசிக்கனி இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் தன் உள்ளங்கையைப் பார்த்தான். மாப்பிள்ளையாகிவிட்டாயே, இனி உனக்கும் இரவில் கரண்டு சொருக வேண்டுமா என்று மிக்கேல் கேட்டான். யாரோ சிரித்தார்கள். மேகலாதேவி சிரிக்கவில்லை, ஆனால் இளநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

பிறகு கொம்பையாவிடம் தனியாகச் சொன்னார். இப்போதே கோயம்புத்தூரில் மணி அடித்திருக்கும். மாப்பிள்ளைகள் அவனை என்னவாக நினைத்தாலும், மனிதன் கோட்டுக்குள் இருக்கும்போது இயந்திரம் அசைந்தது என்ற எச்சரிக்கையைக் கேமராக்கள் தனியாக அனுப்பிவிடும். யாரும் நம்ப மாட்டார்கள். கேமரா பொய் சொல்கிறது என்றுதான் நினைப்பார்கள். அவரும் அங்கே இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பார். கேமரா கோளாறு என்று எழுதினால் விஷயம் அதோடு முடிந்தது. மூன்றாம் நம்பர் தேறவில்லை, திங்கட்கிழமை கன்டெய்னர்.

“கோளாறு இல்ல, நடந்ததுன்னு எழுதினா?” என்று கேட்டார் கொம்பையா.

“எழுதினா அது விசாரணைங்க. விசாரணை முடியற வரைக்கும் எதையும் மாத்தக் கூடாது. அந்த மிஷினுக, அந்த எடம், அந்த ஆளுக, அதே வேலை. எதை நகர்த்தினாலும் ஏன் நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு விதி. கோட்டுக்குள்ள ஒருத்தரும் போகாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான்.”

“எவ்வளவு நாளு ஆவும்?”

“போன தடவை ஒரு கை அரை அங்குலம் அதிகமா நீண்டதுக்கு ரெண்டு வருசமாச்சு. இது அதைவிடப் பெருசுங்க.”

அப்படி எழுதிய பொறியாளரைப் பற்றி அலுவலகத்தில் என்ன பேசுவார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. கொம்பையாவுக்குச் சொல்லத் தேவையும் இல்லை. நம்ப முடியாததைச் சொல்கிறவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதில் அவருக்கு நாற்பது வருஷ அனுபவம். ஆனால் அவருக்கு அது பிடிக்கும். இந்த அம்மாவுக்குப் பிடிக்காது என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஒரு யோசனை சொல்லலாம் என்று நினைத்தார். மேடம், இரண்டாம் நம்பர் மட்டும் வந்ததாகச் சொல்ல வேண்டாம், ஆறும் வரிசையாக வந்து வணக்கம் வைத்ததாகச் சொல்லுங்கள், கேட்கிறவர்களுக்கு நிறைவாக இருக்கும் என்று. சொல்வதற்குள் மேகலாதேவியின் கையிலிருந்த போன் அடித்தது.

மறுமுனையில் அவருடைய தலைமைப் பொறியாளர். குரல் உரக்க இருந்ததால் கொம்பையாவுக்கும் கேட்டது. எட்டுக் கேமராவும் ஒரே நேரத்தில் கெட்டுப்போய்விட்டதா, உப்புக் காற்றில் அப்படித்தான் ஆகும், ஆள் உள்ளே நிற்கும்போது மிஷின் அசைந்ததாகக் காட்டுகிறது, அப்படி நடக்க வழியே இல்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும், கேமரா கோளாறு என்று எழுதி முடித்துவிட்டுக் கிளம்பி வாருங்கள் என்றார். கோபம் இல்லை. கரிசனமான குரல்தான்.

மேகலாதேவி கிட்டங்கியைப் பார்த்தார். தவசிக்கனி பழையபடி சுவரோரம் போய், சாயாமல் நின்றிருந்தான். மஞ்சள் கோட்டுக்குள் யாரும் இல்லாததால் மாப்பிள்ளைகள் மீண்டும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். நான்காம் நம்பர் காற்றில் நின்ற காலைத் தரையில் வைத்தது.

“கேமரா நல்லாத்தான் இருக்குதுங்க, சார்,” என்றார். “நான் பக்கத்துலயே நின்னேன். அது நடந்துச்சு.”